காக்கா போட்டது யார்?

நம் வீட்டுச் சுவர்களில் என்னென்ன தொங்குகிறது என்று ஒரு நிமிஷம் நிமிர்ந்து பாருங்கள். மளிகைக் கடை காலண்டர், நகைக் கடை காலண்டர், எல்.ஐ.சி. ஏஜென்ட் அன்போடு கொடுத்த காலண்டர். அப்புறம் மாலை போட்ட தாத்தா, மாலை போட்ட பாட்டி, மாலைக்கு இன்னும் அவகாசம் இருக்கிற அப்பா அம்மாவின் கல்யாண போட்டோ. பத்து வருஷமாக ஒன்பது நாற்பதைக் காட்டும் கடிகாரம். போனால் போகிறதென்று ஒரு பல்லி.

ஒரு மனுஷன் உட்கார்ந்து தன் கையால் வரைந்த படம்? தேடத்தான் வேண்டும். அப்படியே இருந்தாலும் பையன் அஞ்சாம் கிளாஸில் வரைந்ததாக இருக்கும். இரண்டு மலை, நடுவில் சூரியன், சூரியனிலிருந்து கிளம்பி வரும் ஒரு ஆறு, ஆற்றங்கரையில் தென்னை மரம், வானத்தில் நாலைந்து டிக் மார்க் பறவைகள். மெட்ராஸ் குழந்தைகள் பரங்கிமலையைத் தவிர வேறு மலையைப் பார்த்ததில்லை. இருந்தும் இரண்டு மலை போடாமல் விடுவதில்லை. எந்த வாத்தியார் ஆரம்பித்து வைத்தாரோ!

பெரும்பாலோருக்கு அந்த ஆறோடு ஓவியம் முடிந்து போகிறது. சிலருக்கு முடிவதில்லை. ஆபீஸுக்குப் போகிறார்கள், கல்யாணம் செய்துகொள்கிறார்கள், ரேஷன் வாங்குகிறார்கள், நடுவில் ஞாயிற்றுக்கிழமை பிரஷ்ஷை எடுக்கிறார்கள். கண்காட்சி வைக்க மாட்டார்கள். விற்கவும் மாட்டார்கள், வாங்கவும் ஆள் கிடையாது. அவர்கள் காலத்துக்குப் பிறகு அந்தப் படங்கள் எங்கே போகின்றன?

எனக்குத் தெரிந்து ஒன்று பல்லாவரம் சந்தைக்குப் போனது.

*

மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்து போனபோது நான் பிறக்கவே இல்லை. "அங்கே அப்பா, அம்மாவைத் தவிர எல்லாம் கிடைக்கும்" என்று பெரியவர்கள் பெருமூச்சு விடும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும். என் தலைமுறைக்கு வாய்த்தது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. பழைய டிரங்க் ரோடு முழுக்கக் கடை. ஒரு பக்கம் ரோஜாச் செடி, ஒரு பக்கம் லவ் பேர்ட்ஸ், அடுத்து ஒற்றைக் கால் ஷூ, ரிமோட் இல்லாத டி.வி., டி.வி. இல்லாத ரிமோட். வெள்ளிக்கிழமை காலையில் சந்தையில் சுற்ற வேண்டுமென்றால் ஒன்று ரிடையர் ஆகியிருக்க வேண்டும், அல்லது என்னைப் போல ஃப்ரீலான்ஸ் எழுத்தாளனாக இருக்க வேண்டும். வருமானத்தில் இரண்டு பேருக்கும் பெரிய வித்தியாசமில்லை. ரிடையர் ஆனவருக்கு டி.ஏ. உண்டு.

தார்ப்பாய் மேல் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு ஃப்ரேமைத் திருப்பினேன். கண்ணாடி இல்லை. ஹார்ட்போர்டில் ஆயில் பெயின்ட். கழிமுகம், அதன் மேல் நீளமாக ஒரு பாலம், பாலத்துக்கு அப்பால் கடல், கடலிலிருந்து அப்போதுதான் எழுந்த சூரியன். முன்னால் ஒரு கட்டுமரம். கட்டுமரத்தின் நுனியில் ஒரு காக்கா.

அந்தக் காக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கட்டுமரத்தின் மறுமுனையில் ஒரு மீனவர் உட்கார்ந்திருக்கிறார். காக்கா அவரைவிடப் பெரியது! அது மனசு வைத்தால் அவரைத் தூக்கிக்கொண்டு பறந்து விடலாம். கால் இரண்டும் குச்சி, அலகு ஒரு முக்கோணம். ஆனால் வானத்தைப் பார்த்தால் வேறு யாரோ வரைந்த மாதிரி இருந்தது. மார்கழி விடியலில் அடையாறு முகத்துவாரத்தில் ஒரு ஐந்து நிமிஷம் வருமே, சாம்பலும் இல்லாத ரோஸும் இல்லாத ஒரு நிறம், அது அப்படியே இருந்தது. பல விடியல் உட்கார்ந்து பார்த்தவன்தான் அதைப் பிடிக்க முடியும்.

"இன்னா சார் பாக்கற? ஃபாரின் பெயின்டிங். எழுநூறு குடு."

"ஃபாரின்ல கட்டுமரம் ஏதுப்பா?"

"சரி, லோக்கல். ஐநூறு குடு."

முந்நூற்று எழுபத்தைந்துக்கு முடிந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "வூடு இடிச்ச சரக்கு சார். எந்த வூடுன்னு எனக்கு இன்னா தெரியும்? ஃப்ரேமுக்காக வாங்கியாந்தேன். மத்ததெல்லாம் கட்டை ஒடச்சு வித்தாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி."

மற்றதெல்லாம்! அந்த ஒரு வார்த்தை வீடு வரைக்கும் கூடவே வந்தது.

வீட்டில் என் சகதர்மிணி படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஹவுஸ் ஓனர் சுவத்துல ஆணியே அடிக்கக் கூடாதுன்னு அக்ரிமென்ட்ல எழுதியிருக்கார். இதை எங்க மாட்டறது, என் தலையிலயா?" என்றாள். பிறகு கிட்டே வந்து, "காக்கா நல்லா இருக்கு" என்றாள். கண்ணாடி துடைக்கிற நீலத் தண்ணியை எடுத்துவரப் போனவளைக் கெஞ்சித் தடுத்தேன். பழைய ஆயில் பெயின்டில் தண்ணீரோ லோஷனோ பட்டால், அழுக்கோடு வானமும் கையோடு வந்துவிடும். உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டுவதோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

*

நான் படித்தது பி.காம். ஓவியத்துக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் டெபிட்டுக்கும் கிரெடிட்டுக்கும் உள்ள சம்பந்தம், எதிரெதிர்ப் பக்கம். ஆனால் ஆடிட்டிங் பேப்பரில் ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள். எந்த என்ட்ரிக்கும் ஒரு வவுச்சர் இருக்கும், தேடு. அது வியாதி மாதிரி உடம்பில் தங்கிவிட்டது.

முதலில் வருஷம். படத்தின் மூலையில் கையெழுத்து மாதிரி ஒரு சுழி, பக்கத்தில் ஒரு 7. அதற்கடுத்த இலக்கம் இருந்த இடத்தில் பெயின்ட் உதிர்ந்து வெறும் பலகை. சரி, எழுபதுகள். மிச்சத்தைப் பாலம் சொன்னது. அடையாறு முகத்துவாரத்தில் இருக்கும் பாலத்தை இன்று எல்லோரும் 'உடைந்த பாலம்' என்றுதான் சொல்கிறார்கள். சினிமாக்காரர்கள் அதில் ஹீரோக்களை ஓட விட்டிருக்கிறார்கள். சாந்தோம் பக்கத்து மீனவர்கள் எலியட்ஸ் பீச் பக்கம் நடந்து போவதற்காக 1967-ல் கட்டியது. பத்தே வருஷம். 1977-ல் வெள்ளத்தில் நடுப்பகுதி போய்விட்டது. இந்தப் படத்தில் பாலம் முழுசாக இருக்கிறது. கற்பனையில் ஒட்டவைத்து வரைந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். காக்காவைக் கூட சைஸ் குறைக்கத் தோன்றாத மனுஷர் பாலத்தையா ரிப்பேர் செய்திருக்கப் போகிறார்!

சூரியன் கடல் பக்கம் இருப்பதால் காலை. அந்நாளில் விடியற்காலையில் கழிமுகத்தில் ஸ்டாண்ட் போட்டு உட்கார வேண்டுமென்றால் வீடு பக்கத்தில் இருக்க வேண்டும். சாந்தோம், மந்தவெளி, மயிலாப்பூர்.

பின்பக்கம் திருப்பினால் அங்கே ஃப்ரேம் கடை லேபிள். பாதி கிழிந்திருந்தது. கடைப் பெயரில் 'ஒர்க்ஸ்' மட்டும் மிச்சம். கீழே 'மயிலாப்பூர், மெட்ராஸ்-4'. பின்கோடு கிடையாது. ஆறு இலக்கப் பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15-ல். அதற்கப்புறம் மெட்ராஸ்-4 என்பது 600004 ஆயிற்று. ஆகவே படம் 72-க்கு முந்தியது என்று ஒரு நண்பர் மேஜையைத் தட்டினார். அவர் சரித்திரம் படித்தவர். காமர்ஸ் படித்தவனுக்குத் தெரியும், ஐயாயிரம் லேபிள் அச்சடித்த கடைக்காரர் சர்க்கார் பின்கோடு கொண்டுவந்ததற்காக அதைக் குப்பையில் போட மாட்டார் என்று. ஸ்டாக் தீருகிற வரை ஒட்டுவார்.

லேபிளுக்கு அடியில்தான் புதையல் இருந்தது. பூச்சி நுழையாமல் இருக்கப் பின்னால் காகிதம் ஒட்டுவார்கள் அல்லவா, அந்தக் காகிதம் ஓரத்தில் சுருண்டிருந்தது. உள்பக்கம் ஏதோ எழுத்து. மெதுவாகப் பிரித்தால்... கணக்குத் தாள்! ஒரு ஊழியர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தின் 1973 நவம்பர் மாதப் பிடித்தப் பட்டியல். சங்கத்தின் பெயர் இருந்த இடத்தை ஃப்ரேம் கடைக்காரரின் கத்தி கொண்டுபோய்விட்டது. 'மெட்ராஸ்-1' மட்டும் தப்பியிருந்தது. அதாவது பாரிமுனை வட்டாரத்து ஆபீஸ். உறுப்பினர் எண், சந்தா, கடன் தவணை, வட்டி, மொத்தம். தாளின் குறுக்கே ஒரு கோடு போட்டு ரத்து செய்திருந்தார்கள்.

ஏன் ரத்து? என் பெண்டாட்டி "சாப்பிட வாங்க" என்று மூன்று தடவை கூப்பிட்டும் போகாமல் உட்கார்ந்து கூட்டினேன். மொத்தத்தில் ஆறு ரூபாய் உதைத்தது. வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எங்கோ இலக்கம் இடம் மாறியிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும், 36-ஐ 63 என்று எழுதுகிற மாதிரி. ஆறு ஒன்பதால் வகுபடாது. அப்படியானால் ஒரு எண்ணையே வேறாகப் படித்திருக்க வேண்டும். எட்டாவது வரியில் கிடைத்தது. ஒருவர் எழுதிய 17-ஐ இன்னொருவர் 11 என்று படித்துக் கூட்டியிருக்கிறார்.

இதை என்னமோ நான் கண்டுபிடித்த மாதிரி சொல்கிறேன். ஐம்பது வருஷத்துக்கு முன்பே ஒருவர் கண்டுபிடித்து, அந்த 17-ஐச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார். அதோடு விட்டாரா? அந்தத் தாளில் இருந்த அத்தனை ஏழுக்கும் இடுப்பில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. குழந்தைக்கு அரைஞாண் கட்டின மாதிரி. இனிமேல் எந்தப் பயலும் ஏழை ஒன்று என்று படிக்கக் கூடாது!

படத்தைத் திருப்பினேன். மூலையில் இருந்த 7-க்கும் அரைஞாண் இருந்தது.

*

நடுவில் ஒரு விஷயம். அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம் மோசமான ஓவியங்களுக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1993-ல் ஆரம்பித்தார்கள். ஒரு பழம்பொருள் வியாபாரி குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே ஒரு படத்தைப் பார்த்திருக்கிறார். பூக்கள் நிறைந்த புல்வெளியில் ஒரு பாட்டி. நிற்கிறாளா, உட்கார்ந்திருக்கிறாளா என்று சொல்ல முடியாது. நம் பல்லாவரத்து ஆள் மாதிரியே அவருக்கும் ஃப்ரேம்தான் வேண்டியிருந்தது. நண்பர் ஒருவர் "படத்தை எனக்குக் கொடு" என்று தடுத்தார். அதுதான் மியூசியத்தின் முதல் படம். வெகு நாள் அந்த மியூசியம் ஒரு தியேட்டரின் அடித்தளத்தில், ஆண்கள் கழிப்பறைக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு நாள் பத்திரிகையில் அந்தப் படத்தைப் பார்த்த ஒரு பெண்மணி அலறிவிட்டார். "இது எங்க பாட்டி!" இறந்துபோன பாட்டியின் நினைவாகக் குடும்பத்தார் சொல்லி வரையச் செய்த படமாம்.

சிரித்துக்கொண்டே படித்துவந்தவன் அந்தக் கடைசி வரியில் சிரிப்பை நிறுத்தியது ஞாபகம் இருக்கிறது. உலகமே கேலி செய்யும் படத்திலும் யாருக்கோ ஒரு பாட்டி இருக்கிறாள். என் காக்காவுக்கும் யாராவது இருப்பார்களே?

*

எழும்பூரில் ஓவியக் கல்லூரி இருக்கிறது. 1850-ல் டாக்டர் ஹன்டர் ஆரம்பித்த பள்ளிக்கூடம். தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்தது அங்கேதான். மெரீனாவில் உழைப்பாளர் சிலை வடித்தாரே, அவர். அவருக்குப் பின் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல் நண்பர்களையும் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு சோழமண்டலம் கிராமத்தை உண்டாக்கினார். எனக்குத் தெரிந்த ஓவியர் ஒருவர் அந்தக் கல்லூரியில் படித்தவர். படத்தை அவரிடம் காட்டினேன். சுருதி பிசகின பாட்டைக் கேட்கிற வித்வான் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"காலேஜ்ல படிச்ச கை இல்ல. பாலத்துத் தூணெல்லாம் ஸ்கேல் வெச்சு, அளவு கணக்குப் போட்டு வரைஞ்சிருக்கார். கணக்குப்பிள்ளை கை" என்றார். நான் அந்தத் தாளைப் பற்றி அவரிடம் மூச்சு விடவில்லை. வானத்துக்கு வந்தபோது நிறுத்தினார். ரொம்ப நேரம் பார்த்தார். "இது மட்டும் சொல்லிக் கொடுத்து வராது."

பிறகு காக்காவைப் பார்த்துக் கேட்டார்: "இது யார் போட்டது?"

வாய் தவறிக் கேட்டார் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அவர் சொன்ன இன்னொன்றும் மனசில் நின்றது. சோழமண்டலத்து ஓவியர்கள் படத்தை மட்டும் நம்பி அடுப்பு மூட்டவில்லை. பாத்திக் துணி, கைவினைப் பொருள் செய்து விற்றுத்தான் படம் வரைந்தார்கள். முறையாகப் படித்தவர்களுக்கே அந்தக் கதி என்றால், ஞாயிற்றுக்கிழமை ஓவியனுக்குப் பெயின்ட் டியூப் எங்கிருந்து வந்திருக்கும்?

மயிலாப்பூரில் மாட வீதிகளைச் சுற்றி ஃப்ரேம் கடைகள் இன்னும் இருக்கின்றன. நாலாவது கடையில் ஒரு பெரியவர் லேபிளைத் தடவிப் பார்த்து, "எங்க மாமா கடை தம்பி. மூடி முப்பது வருஷம் ஆச்சு" என்றார். படம் யாருடையது என்று தெரியவில்லை. பின்னால் ஏன் ஆபீஸ் தாள் என்று கேட்டதற்கு மட்டும் பளிச்சென்று பதில் வந்தது. "பேப்பர் நீங்களே கொண்டாந்தா நாலணா குறைப்பார் மாமா. கவர்மென்ட் உத்தியோகஸ்தங்க எல்லாம் கொண்டாருவாங்க."

நாலணாவுக்காக ஒரு ரத்தான தாளை மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்த மனுஷர். எனக்கு அவர் முகம் மெள்ளத் தெரிய ஆரம்பித்தது.

*

பாரிமுனைப் பக்கம் மத்திய அரசு ஆபீஸ்கள் சில இருக்கின்றன. எது என்று எழுதப் போவதில்லை. பென்ஷன்காரர்களைப் பிடிக்க வேண்டுமென்றால் நவம்பர் மாதம் போக வேண்டும், உயிரோடு இருக்கிறேன் என்று சர்டிபிகேட் கொடுக்கிற மாதம். இப்போது செல்போனிலேயே முகத்தைக் காட்டி நிரூபிக்கலாம் என்று வந்துவிட்டது. ஆனாலும் பெரியவர்கள் நேரில் வருகிறார்கள். சர்டிபிகேட் கொடுப்பது மட்டுமா விஷயம், இன்னும் யார் யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா!

மூன்றாவது ஆபீஸின் பென்ஷனர் சங்கத்தில் எட்டு பேர் காபியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். விஷயத்தைச் சொல்லிச் செல்போனில் படத்தைக் காட்டினேன். போன் கை மாறிக் கை மாறிப் போயிற்று.

"நம்ம ஆபீஸ்ல படம் போடறவன் எவன் இருந்தான்? பாட்டுப் பாடினான், டிராமா போட்டான்..."

"இது காக்கா இல்லங்காணும், பருந்து."

"கண் ஆபரேஷனை ஒத்திப் போடாதீர்னு நான் அப்பவே சொன்னேன்."

படத்தில் யாருக்கும் பிடி கிடைக்கவில்லை. அடுத்து அந்தத் தாளின் போட்டோவைக் காட்டினேன். அதுவரை பேசாமல் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்த ஒருவர் கையை நீட்டி வாங்கினார். சிவப்புக் கோடுகளைப் பார்த்தார். பிஸ்கட் காபியில் விழுந்ததைக்கூட கவனிக்கவில்லை.

"ஏழுக்கு வெட்டு போடுங்கடான்னு உயிரை எடுப்பாரே... அவர்தான்யா! நான் சர்வீஸ்ல சேர்ந்த முதல் நாள் முதல் பாடமே அதுதான். இன்னிக்கும் செக் எழுதினா என் கை தானா கோடு போடும்."

எட்டு பேரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். சைக்கிளில் வருவார். கேன்டீனுக்கு வரமாட்டார். ஓவர்டைம் என்றால் முதல் ஆள். சங்கத்தில் சின்னச் சின்னக் கடன் வாங்குவார், தவணை தவற மாட்டார். எதற்கு என்று யாருக்கும் தெரியாது. சீட்டு ஆடுகிறார் என்றுகூட ஒரு பேச்சு இருந்ததாம். படம் வரைவார் என்பது அந்த எட்டு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை! முப்பத்து நாலு வருஷம் சர்வீஸ்.

அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. காரியப் பத்திரிகை ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்தவர் மகளின் நம்பரைத் தேடி எடுத்து, அவரே போன் செய்து, என்னைப் பற்றிச் சொல்லி அனுமதி வாங்கிக் கொடுத்தார். குடும்பத்தார் பெயர் எதுவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அதனால் இங்கே சுழி மட்டும்தான்.

*

அந்த அம்மாவுக்கு ஐம்பத்தேழு வயது. தென்சென்னையில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட். மருமகள் வேலைக்குப் போகிறாள், பேரன் தரையெல்லாம் ரயில் விட்டுக்கொண்டிருக்கிறான். நான் காகிதத்தைப் பிரித்துப் படத்தை சோபாவில் சாய்த்து வைத்தேன். அழுவார்கள் என்று எதிர்பார்த்தால் நீங்கள் சினிமா ரொம்பப் பார்க்கிறீர்கள். அவர் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "காபியா டீயா தம்பி?" என்று உள்ளே போய்விட்டார்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் சொன்னார்.

"வானம் நல்லா இருக்குன்னு சொன்னீங்களாம். வானத்துக்கு வெள்ளை ஜாஸ்தி வேணும், தெரியுமா? மத்த கலர் எல்லாம் மாசக்கணக்கா வரும். வெள்ளை டியூப்தான் சீக்கிரம் தீர்ந்துடும். பால்காரருக்குப் பாக்கி நிக்கும், ஸ்கூல் ஃபீஸுக்கு அம்மா வளையல் மார்வாடி கடைக்குப் போகும். வெள்ளை டியூப் மட்டும் தவறாம வந்துடும். அம்மா ஒரு வார்த்தை சொன்னதில்ல. நான் அந்த வானத்தைப் பாத்தா எனக்கு வளையல்தான் தெரியுது."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மூன்று மாதமாக நான் ஆசை ஆசையாகக் கட்டி வந்த கணக்கில் அவர் எதிர்ப் பக்கத்து என்ட்ரியைப் போட்டுவிட்டார். செலவுப் பக்கம் என்று ஒன்று எப்போதும் உண்டு.

முப்பதுக்கு மேல் படங்கள் இருந்தனவாம். பெரும்பாலும் அதே பாலம். பாலம் உடைந்த பிறகும் விடாமல் போய் உடைந்ததையும் வரைந்தாராம். மந்தவெளி வீட்டை ஃபிளாட் கட்டக் கொடுத்தபோது எல்லாம் பரணில் இருந்தன. வைக்க இடமில்லை. பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டார். புனேயில் இருக்கிற தம்பிக்கு விஷயம் தெரிந்து, "அப்பாவைக் கிலோ கணக்குல போட்டுட்டியா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதற்கப்புறம் இரண்டு வருஷமாகப் பேச்சு கிடையாது.

"அவனுக்கென்ன, புனேயில உக்காந்துக்கிட்டுச் சொல்லலாம். பரண்ல இருந்து இறக்கினது நான். தூசில ஒரு வாரம் இருமினது நான்" என்றார். நியாயம்தான். கேள்வி கேட்டவர் ஒன்றைக்கூட எடுத்துப்போக வரவில்லை என்பதையும் நான் குறித்துக்கொண்டேன்.

பேரன் படத்தருகே வந்து காக்காவின் மேல் விரலை வைத்தான். "பாட்டி, இது என்ன, டைனோசரா?"

அந்த அம்மா முதல் தடவையாகச் சிரித்தார்.

"அது நான் போட்டதுடா."

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் அப்பா சைக்கிள் எடுப்பாராம். முன் பாரில் ஏழு வயது மகள், பின் கேரியரில் ஐந்து வயது தம்பி. வானம் முடிகிற வரை பேசக் கூடாது. முடிந்ததும் ஒருவர் கையில் பிரஷ்ஷைக் கொடுப்பார். ஒரே ஒரு ஜந்து வரையலாம்; எவ்வளவு பெரிசாகப் போட்டாலும் அப்பா திருத்த மாட்டார். ஆபீஸ் முழுக்க அடுத்தவன் ஏழைத் திருத்திக்கொண்டிருந்த மனுஷர்!

"ஒவ்வொரு படத்துலயும் இப்படி ஏதாவது இருக்குமா?" என்று கேட்டேன்.

"நாங்க போன வரைக்கும் இருக்கும். நண்டு, நாய்... அப்புறம் நாங்க பெரிசாயிட்டோம். போகல." படத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "அப்புறம் அவர் தனியாத்தான் போனார்."

கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு செல்போனை எடுத்துக் காக்காவை மட்டும் ஒரு போட்டோ, முழுப் படத்தை ஒரு போட்டோ. யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அனுப்புவதா வேண்டாமா என்று கட்டைவிரல் போனின் மேல் ரொம்ப நேரம் நின்றது. பிறகு அழுத்தியது.

நான் இரண்டாவது காபியில் இருந்தபோது மணி அடித்தது. கண்ணாடியைத் தேடி எடுக்கிற அவசரத்தில் அவர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு பேசுகிற தம்பி, ஹலோகூடச் சொல்லவில்லை.

"அக்கா, அந்தக் காக்கா நான் போட்டது."

"உளறாதே. நீ போட்டது நண்டு."

"நண்டு வேற படம். இது காக்கா. காலுக்குக் கறுப்பு தீர்ந்துபோய் அப்பா பிரவுன் கலந்து குடுத்தார். பாரு, கால் பிரவுனா இருக்கா இல்லையா?"

அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காக்காவின் காலைப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். அழுக்கா, பிரவுனா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"கறுப்புதான்" என்றார் அக்கா, கொஞ்சமும் தயங்காமல்.

போனில் கூச்சல் கிளம்பியது. நான் எழுந்தேன். படம் இங்கேயே இருக்கட்டும் என்று சைகை காட்டினேன். அவர் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "இருடா ஒரு நிமிஷம்... எவ்வளவு குடுத்து வாங்கினீங்க தம்பி?" என்றார். வேண்டாம் என்றேன். "அதெல்லாம் கூடாது, எங்கப்பா யார்கிட்டயும் ஓசியில வாங்கினதில்ல" என்று பர்ஸைத் திறந்து, நோட்டும் சில்லறையுமாக எண்ணிக் கையில் வைத்தார். பேரனின் டிராயிங் நோட்டிலிருந்து ஒரு தாளையும் கிழித்துக் கொடுத்தார், ரசீது எழுத.

ரூ. 375 பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் தம்பியோடு சண்டை போட்டுக்கொண்டே தாளை வாங்கிப் பார்த்தார். என் பேனாவையும் வாங்கி, நடுவில் இருந்த ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டு, மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டார்.